சூடும் ஒளியும்: வெளிப்புற நிலக்காட்சி ஓவியத்திற் பொழுது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிற் பிரெஞ்சு ஓவியர் சிலர் தைலவர்ணத்தோடும் கித்தானோடும் வயல்வெளிகளுக்குச் சென்று நிலக்காட்சிகளைத் தீட்டியமை, கண் பெற்ற விடுதலையாகவே கலை வரலாறுகளிற் பேசப்பட்டு வந்துள்ளது. அவ்விடுதலையைச் சாத்தியமாக்கியவற்றுட் சில கண்ணுக்குப் புறம்பானவை. பன்றியின் சிறுநீர்ப்பையிற் கட்டிவைக்கப்பட்ட வர்ணத்துக்குப் பதிலாகத் தகரக் குழாயைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்க ஓவியர் ஜோன் கோஃப் ராண்ட் 1841இற் காப்புரிமை பெற்றார். பாரிசையும் ரூவானையும் இணைத்த புகையிரதப் பாதை 1843இல் திறக்கப்பட்டது. வெளியிலிருந்து தைலத்தில் தீட்டும் வழக்கமோ அதற்கு முற்பட்டது. வலன்சியன் 1800இல் வெளியிட்ட நூலில் அதனை மாணவருக்கு விதந்துரைத்ததோடு, ஒளி மாறிவிடுமாதலால் பயிற்சிப் படம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டலாகாது என்றும், சூரியோதயத்துக்கும் அத்தமனத்துக்கும் அரை மணி நேரமே உண்டு என்றும் வரையறுத்தார். அவர் பயிற்சியாகக் கொண்டதை மனப்பதிவுவாதிகள் முற்றுப்பெற்ற படைப்பாக்கினர்.

ஆயின் அவர்கள் தீட்டிய பொழுது எத்தகையது? நம் இலக்கணகாரர் பொழுதினைச் சிறுபொழுது, பெரும்பொழுது என இரண்டாகப் பகுத்தனர். முன்னது நாளின் கூறு. பின்னது ஆண்டின் கூறு. நிலமும் பொழுதும் முதற்பொருளாக, அந்நிலத்து மாந்தரின் தொழில் கருப்பொருளுள் அடங்கும். இப்பகுப்பைப் பிரெஞ்சு ஓவியத்தின்மீது சுமத்துவது எமது நோக்கமன்று. எனினும் ஒரே குழுவைச் சேர்ந்த குளோட் மொனேயையும் கமில் பிசாரோவையும் வேறுபடுத்தி அறிவதற்கு இதனிலும் பொருத்தமான கருவி கிடைப்பதரிது.

1890ஆம் ஆண்டுக் கோடையின் இறுதியிலிருந்து 1891இன் தொடக்கம் வரை, ஜிவெர்னியிலுள்ள தமது வீட்டுக்கு அண்மையில் நின்ற போர்களை மொனே ஏறத்தாழ 25 கித்தான்களில் வரைந்தார். ஆங்கில வழக்கைத் தழுவி இவற்றை வைக்கோற்போர்கள் என்பது பொருந்தாது. இவை கதிர் நீங்காத கோதுமைக் கட்டுகளின் அடுக்குகள். நமது வயற்புற வழக்கிற் சொன்னாற் சூடுகள். சொற்பிழைதானே என இதனை ஒதுக்கிவிட இயலாது. வைக்கோல் எஞ்சிய பொருள். சூடோ ஓர் ஆண்டின் விளைவு முழுவதும். சூடடிக்கும் இயந்திரம் ஊரூராகச் சுற்றிவந்து சேரும்வரை அது வயலிலேயே மாதக்கணக்கிற் காத்து நிற்கும். அக்காத்திருப்பினாலேயே மொனேக்குக் கோடை வெயிலிலும் குளிர்கால வெண்பனியிலும் ஒரே பொருள் கிடைத்தது. ஒளியின் ஆய்வு எனப் போற்றப்படும் தொடருக்குக் கால எல்லை வகுத்தது விவசாய உற்பத்தியின் ஒழுங்கேயாகும். ஒளி மாறுந்தோறும் மாற்றுக் கித்தானை எடுத்துவந்து கொடுத்தவர், பின்னாளில் ஓவியரின் மனைவியான அலீசின் மகள் பிளான்ஷ். வெளியில் தொடங்கப்பட்ட படங்கள் பின்னர் வீட்டினுள்ளே மெருகூட்டப்பட்டன என்பதும் மறக்கற்பாலதன்று.

இத்தொடரில் மனிதர் எவருமிலர். அறுத்தவரும் இல்லை, அடுக்கியவரும் இல்லை. கடல் கடந்து வந்த தானியத்தினால் 1880களிற் பிரெஞ்சுக் கோதுமையின் விலை வீழ்ந்தது. 1892இல் மெலின் சுங்கச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 1891 மே மாதத்தில், பாரிசில் டூரான்-றுவெல் கூடத்தில் இத்தொடரின் 15 படங்கள் வைக்கப்பட்டன. அங்கு அசையாது நின்ற அச்செல்வக் குவியல்கள் நகரத்துக் கனவான்களுக்கு எத்தகைய நிம்மதியை அளித்திருக்கும் என்பது ஊகிக்கக்கூடியதே. ஆயினும் இதனைக் கொண்டு மொனேயைப் புறக்கணிப்பது வரட்டுத்தனமான சமூகவியலாகும். நிழலுக்கு நிறமுண்டு என்பதையும், பொருள் பொழுதுக்குப் பொழுது வேறாகும் என்பதையும் அவரைப்போல் நிறுவியோர் சிலரே. சிறுபொழுதின் ஓவியர் என்ற வகையில் அவருக்கு நிகரில்லை. அச்சிறுபொழுதுக்கும் விலையுண்டு என்பதை அவரே அறிந்திருந்தார். 1891இல் எப்த் ஆற்றங்கரைப் பொப்ளார் மரங்களை லிமெற்ஸ் கிராமசபை ஏலத்தில் விற்க முற்பட்டபோது, தாம் வரைந்து முடிக்கும்வரை அவை வெட்டப்படாதிருக்க, மரவியாபாரி ஒருவரோடு உடன்பட்டு அவர் பணம் கொடுத்தார்.

பிசாரோவின் ‘உறைபனி’ 1873இற் பொன்துவாஸ் அருகே தீட்டப்பட்டு, அடுத்த ஆண்டு குழுவின் முதற் காட்சியில் இடம்பெற்றது. உழுத சால்களின்மேல் உறைபனி படிந்திருக்கின்றது. முதுகில் விறகுக் கட்டைச் சுமந்த ஒருவர் கோலூன்றிச் செல்கின்றார். இங்கு குளிர் என்பது வானத்தின் நிறம் மாத்திரமன்று. அது விறகு தேட வேண்டிய காலம். உழுத நிலம் விளைவுக்குக் காத்துக் கிடக்கும் காலம். பெரும்பொழுது தொழிலோடு வருகின்றது. லூயி லெரோய் இப்படத்தை, அழுக்குக் கித்தானிற் சுரண்டிப் பூசிய வர்ணமென எள்ளினார். கஸ்தனாரி, படத்தினுள் இல்லாத மரங்களின் நிழல்கள் வயலிற் கிடப்பதைக் குறையாகக் கண்டார். எமக்கோ அந்நிழல்களே படத்தின் வலிமையாகத் தோன்றுகின்றன. சட்டத்துக்கு வெளியேயும் உலகம் உண்டு என்பதை அவை உணர்த்துகின்றன.

பிசாரோவையும் இலட்சியப்படுத்தல் ஆகாது. அராஜகவாதக் கொள்கையில் ஈடுபாடு கொண்ட அவர், 1884 முதல் வாழ்ந்த எராக்னியில் வரைந்த அறுவடைப் பெண்கள் பலர் களைப்பறியாதவர். கூலியும் கடனும் அவ்வயல்களை எட்டவில்லை. தாம் வேண்டிய சமுதாயத்தை அவர் நிகழ்காலத்தின்மீது ஏற்றிவிட்டார் எனலாம். பிற்காலத்திற் கண்ணோய் அவரைக் காற்றிலும் தூசியிலும் நின்று வரைய விடவில்லை. 1896இல் ரூவான் விடுதியொன்றின் யன்னலருகே அமர்ந்து பாலங்களையும் துறைமுகத்தையும் மழையிலும் மூடுபனியிலும் தீட்டினார். அப்படங்களிற் கப்பற் புகையும் ஆலைப் புகையும் மேகத்தோடு கலக்கின்றன. கீழே துறையிற் சுமை இறக்குவோர் சிறு தூரிகைத் தீற்றல்களாக நிற்கின்றனர்.