மூணுக்கு நூற்றைம்பது: ஓர் அரசுப் பலகையை வாசித்தல்

பிரதி என்றால் புத்தகமாகத்தான் இருக்கணும்னு இல்லை. நான் வாசிக்க எடுத்துக்கொண்டது ஓர் உலோகப் பலகை. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கோல்ஃபாக்ஸ் என்று ஒரு சின்ன ஊர். அங்கே நீதிமன்றத்துக்கு வெளியே 1950இல் மாநில அரசு நட்ட பலகை அது. இரண்டே வாக்கியம். இவ்விடத்தில் கோல்ஃபாக்ஸ் கலவரம் நடந்தது, அதில் மூன்று வெள்ளையரும் 150 நீக்ரோக்களும் மாண்டனர் என்பது முதலாவது. 1873 ஏப்ரல் 13இல் நடந்த இந்நிகழ்ச்சி தெற்கில் 'கார்பெட்பேக்' கேட்டாட்சியின் முடிவைக் குறித்தது என்பது இரண்டாவது. 2021 மே மாதம் பிடுங்கப்படும் வரை எழுபது வருஷம் அது நின்றது.

வரலாறு மறைக்கப்பட்டது, மறைக்கப்பட்டதுன்னு எழுதியே நமக்குப் பழகிப்போச்சு. இங்கே எதையும் மறைக்கலை. மூணுக்கு நூற்றைம்பது என்று பட்டவர்த்தனமா எழுதி, போறவர்ற எல்லாரும் படிக்கிற மாதிரி நட்டிருக்கான். என்னை உறுத்துவது இதுதான். இது மறதி இல்லை, மார்தட்டல்.

நடந்தது இவ்வளவு. அடிமைமுறை ஒழிந்து கறுப்பு ஆண்களுக்கு ஓட்டு வந்திருந்த காலம். 1872 தேர்தலில் இரு தரப்பும் நாங்களே ஜெயித்தோம் என்றார்கள். லூசியானாவுக்கு இரண்டு ஆளுநர்கள் பதவியேற்றார்கள். கோல்ஃபாக்ஸில் குடியரசுக் கட்சி அதிகாரிகள் இருந்த நீதிமன்றத்தைக் கறுப்பர்கள் காவல் காத்தார்கள். (அந்த நீதிமன்றமே ஒரு தோட்ட முதலாளியின் பழைய குதிரை லாயம்தான்.) ஏப்ரல் 5இல் தன் வீட்டில் வேலி கட்டிக்கொண்டிருந்த ஜெஸ்ஸி மெக்கின்னி சுட்டுக் கொல்லப்பட்டார். பயந்துபோன ஜனங்கள் நீதிமன்றத்தை அண்டி ஒதுங்கினார்கள். 13ஆம் தேதி ஈஸ்டர் ஞாயிறு. கிறிஸ்டோபர் கொலம்பஸ் நாஷ் என்பவன் (பேரைப் பாருங்க!) தலைமையில் நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளையர் ஒரு சிறு பீரங்கியோடு வந்து கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். சரணடைந்து வெளியே வந்தவர்களையும் சுட்டார்கள். பிடித்து வைத்த கைதிகளை அன்று ராத்திரி நடத்திக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். அப்படிச் சுடப்பட்டும் சாகாமல் கிடந்த லீவை நெல்சனும் பெஞ்சமின் பிரிம்மும் பிறகு நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள்.

இதற்குப் பேர் கலவரமாம். இந்தச் சொல்லைத் தமிழில் எழுதும்போதே கை கூசுது. ஒரே தரப்பு செத்துக் கிடந்தாலும் 'இரு தரப்பினர் மோதல்' என்று படித்து வளர்ந்தவங்க நாம. அடுத்து 'மாண்டனர்'. மாண்டனர் சரி, கொன்றது யார்? வாக்கியத்தில் எழுவாய் செத்தவனாகவே இருந்துவிட்டால் கொன்றவனுக்கு இடமே தேவைப்படாது. ஆனால் என் வாசிப்பில் எல்லாவற்றையும்விட விஷமான சொல் 'கார்பெட்பேக்'. கம்பளத் துணிப் பையைத் தூக்கிக்கொண்டு வடக்கிலிருந்து பிழைக்க வந்தவன் என்ற ஏச்சு அது. அப்ப ஆண்டது யாரோ வெளியூர்க்காரன். அந்த ஆட்சிக்கு ஓட்டுப் போட்டு, அதைக் காக்கத் துப்பாக்கி ஏந்தி நின்ற கறுப்பன் எங்கே போனான்? அவன் அரசியல் செய்தான் என்பதையே இந்த வாக்கியம் ஒத்துக்கொள்ளலை. பிணமாக மட்டும் எண்ணிக்கையில் வருகிறான்.

அதே ஊர்க் கல்லறையில் 1921இல் ஒரு தூண் எழுப்பினார்கள். மூன்று வெள்ளையரின் பெயரும் பொறித்து, வெள்ளை மேலாதிக்கத்துக்காகப் போரிட்டு விழுந்த வீரர்கள் என்று எழுதினார்கள். ஒரு விதத்தில் அந்தத் தூண் யோக்கியமானது. எதற்காகக் கொன்றோம் என்று நேராகச் சொல்லிவிட்டது. அரசாங்கம் அதையே மரியாதையான மொழியில் பெயர்த்து 1950இல் பலகையாக்கியது.

பலகையைவிட நீண்ட ஆயுள் கொண்ட இன்னொரு பிரதியும் உண்டு. 97 பேர் மீது குற்றம் சாட்டி, 9 பேரை விசாரித்து, கடைசியில் 3 பேருக்குத்தான் தண்டனை. அதுவும் கொலைக்காக அல்ல, குடிமக்களின் உரிமையைப் பறிக்கக் கூட்டுச்சதி செய்ததற்காக. 1876இல் உச்சநீதிமன்றம் 'குரூக்‌ஷாங்க்' வழக்கில் அதையும் தள்ளிவிட்டது. பதினான்காவது திருத்தம் மாநில அரசைத்தான் கட்டுப்படுத்தும், ஒரு குடிமகன் இன்னொருவனுக்குச் செய்வதை அல்ல என்றது. தீர்ப்பில் லீவை நெல்சனின் பெயர் இருக்கு. அந்த ராத்திரி இல்லை. எரிந்த கட்டடம் இல்லை. அதை மட்டும் படிக்கிறவனுக்கு அங்கே ஒரு படுகொலை நடந்ததென்றே தெரியாது.

இந்த அரசு / தனிமனிதர் கோடு பழங்கதை அல்ல. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண் குற்றவாளி மீது கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடர வழிசெய்த சட்டப்பிரிவை 2000இல் ரத்து செய்தபோதும் உச்சநீதிமன்றம் இதே கோட்டைக் காட்டியது. 2010இல் அதே நீதிமன்றம் கோல்ஃபாக்ஸ் படுகொலையை மனசார விவரித்து எழுதியது. எதற்கென்று கேளுங்க: கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமையை நிலைநாட்டுகிற தீர்ப்பில்!

அம்பேத்கருக்கு இந்த ஓட்டை தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1947இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' நூலில், கறுப்பர்களைக் காக்க அமெரிக்கா போட்ட 1866, 1875 சட்டங்களிலிருந்து எடுத்தாண்டதாக அவரே குறிப்பிடுகிறார். அந்த 1875 சட்டத்தை அமெரிக்க உச்சநீதிமன்றம் தனிமனிதர்களைக் கட்டுப்படுத்த முடியாது என்று சொல்லி 1883இலேயே செல்லாததாக்கியிருந்தது. அங்கே தூக்கி எறிந்ததை இவர் எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார். நமது அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை அரசுக்கு மட்டும் தடை செய்யவில்லை, டீக்கடைக்காரனுக்கும் பண்ணைக்காரனுக்கும் சேர்த்தே தடை செய்கிறது. கோல்ஃபாக்ஸில் பலகை நட்ட அதே 1950இல் அது அமலுக்கு வந்தது. சட்டம் இருந்தும் நடப்பது என்ன என்பது நமக்குத் தெரியும், அது வேறு கட்டுரை.

2023 ஏப்ரல் 13இல், சரியாக 150 வருஷம் கழித்து, கோல்ஃபாக்ஸில் புதிய கல் திறக்கப்பட்டது. கொல்லப்பட்ட ஒருவரின் வழிவந்தவரும் கொன்ற கூட்டத்தில் இருந்த ஒருவரின் வழிவந்தவரும் சேர்ந்து நின்று செய்த வேலை. செத்தது உறுதியான 57 பேரின் பெயர், காயம்பட்டுப் பிழைத்த 35 பேரின் பெயர். பழைய பலகையின் 150 யாரும் எண்ணிப் பார்த்துப் போட்டதாக எனக்குத் தோணலை, சும்மா ஒரு பெருமைக்கு எழுதியது போலத்தான் இருக்கு. 57 என்பது ஒவ்வொரு பெயராகத் தேடிச் சேர்த்தது. 1875இல் அமெரிக்கக் காங்கிரசுக்குப் போன ராணுவ அறிக்கை இன்னொரு கணக்கும் சொல்கிறது: 15இலிருந்து 20 உடல்கள் செவ்வாற்றில் எறியப்பட்டன, 18 உடல்கள் ரகசியமாகப் புதைக்கப்பட்டன.