பேச்சை எடுத்தெழுதும் கலை

திருப்தியா என்று கேட்டு ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண் வாங்கும் படிவம், மனத்துக்குள் ஒரே கருத்து உறைந்திருப்பதாக நம்புகிறது. சமூக உளவியலாளர்கள் ஜொனாதன் பாட்டரும் மார்கரெட் வெதரெல்லும் 1987இல் வெளியிட்ட நூல் அந்த நம்பிக்கையை அசைத்தது. ஒரே மனிதர் ஒரே பேட்டியில் முரணாகப் பேசுவார். அதைப் பிழையென்று கழிக்காமல், அந்தப் பேச்சு அந்த இடத்தில் என்ன காரியம் செய்கிறது என்று பார்ப்பதே சொல்லாடல் பகுப்பாய்வு. தயக்கம், மௌனம், பாதியில் திருத்திய வாக்கியம் எல்லாவற்றையும் குறியிட்டு எழுதும் அந்தப் பொறுமை அழகானது.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்துக்கு இந்தச் செவி தேவை. 2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. ஊதியமும் கோரிக்கைதான், ஆனால் பூசல் முற்றியது தொழிலாளர் சார்பில் பேசுவது யார் என்பதில். அக்டோபர் 7 அன்று தொழிலாளர் குழு ஒன்றுடன் உடன்பாடு அறிவிக்கப்பட்டும், சிஐடியு தொழிற்சங்கக் கூட்டமைப்பைச் சார்ந்த சங்கத்தினர் போராட்டத்தைத் தொடர்ந்தனர். தொழிலாளர் நலன் என்று எல்லாத் தரப்பும் பேசின. மதிப்பெண் படிவத்தில் அவை ஒன்றுபோலத்தான் தெரியும். சொல்லாடல் பகுப்பாய்வு தருவது ஆய்வாளரின் வியாக்கியானம்தானே என்பார்கள். ஆனால் எடுத்தெழுதிய பேச்சு வாசகர் முன்னாலேயே இருக்கிறது. ஒருவர் சொன்னதை அடுத்தவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பதை யாரும் சரிபார்க்கலாம். எத்தனை பேர் அப்படி நினைக்கிறார்கள் என்பதை இம்முறை சொல்லாது, அதற்குக் கணக்கெடுப்பே வேண்டும். சாம்சங் பூசலிலோ ஒரு சொல்லே வாதமானது. போராடிய சங்கம் 2025 ஜனவரியில்தான் பதிவானது. சங்கப் பெயரில் நிறுவனத்தின் பெயர் இருக்கலாமா என்பதே அதற்குமுன் நடந்த பெரிய வாதம்.