குட்டியைப் பார்த்த கண்

கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் பக்கம் லாரியில் அடிபட்டுக் கிடக்கும் நாயைக் கடந்துபோகாதவர் குறைவு. அதைப் பற்றிக் கவிதை எழுத உட்காருபவர்கள் மீது எனக்குத் தனி மரியாதை. வடசென்னையில் பொருளுக்கா பஞ்சம்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்து கூழைக்கடாக்கள் கறுத்தன. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின.

இந்தச் சாவுகளை எழுத வழி காட்டக் குறுந்தொகையின் 69ஆம் பாட்டு இருக்கிறது. கடுந்தோட் கரவீரன் பாடியது. ஆண்குரங்கு இறந்துபோக, துணை இழந்த மந்தி தன் தொழில் இன்னும் கற்காத குட்டியைச் சுற்றத்திடம் சேர்த்துவிட்டு மலையிலிருந்து பாய்ந்து உயிர்விடுகிறது. நள்ளிரவில் வராதே என்று தோழி தலைவனிடம் சொல்லும் பேச்சுக்குள் இத்தனையும் அடங்கிவிடுகிறது. கவிஞர் எங்கும் அழவில்லை. குட்டியை யாரிடம் விட்டது என்ற அந்த ஒரு விவரம்தான் என்னைப் பிடித்து நிறுத்துகிறது.

அமெரிக்கக் கவிஞர் வில்லியம் ஸ்டாஃபோர்டின் 1962ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் சாலையில் செத்த மான் ஒன்று உண்டு. வயிற்றைத் தொட்டால் இளஞ்சூடு, உள்ளே குட்டி.

கொடுங்கையூர் நாய்க்கு எழுதுபவர் மரணத்தைப் பற்றிப் பேச வேண்டாம். அதன் கழுத்தில் கயிறு இருந்ததா, பால் கட்டியிருந்ததா என்று குனிந்து பார்த்து எழுதட்டும்.