திருத்தணிப் படிகளுக்கு எந்தக் கேமரா?

ஃபிலிம் கேமரா வாங்கப் போகிறவர்களிடையே ரேஞ்ச்ஃபைண்டரா, எஸ்.எல்.ஆரா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. பெரும்பாலும் லென்ஸின் தரத்தை வைத்தே தீர்ப்புச் சொல்கிறார்கள். படமெடுப்பவருக்கும் எதிரில் இருப்பவருக்கும் நடுவே எத்தனை அடி என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி. ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணியின் 365 படிகளில் அந்த இடைவெளி ஐந்தாறு அடிக்கு மேல் கிடைப்பதே அரிது. தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் மஞ்சள் ஆடையில் புஷ்பக் காவடியோடு வரும் கூட்டம் பின்னால் தள்ளும், முன்னால் மறிக்கும். கோயிலுக்குள் கேமராவுக்கு வேலையில்லை; நான் பேசுவது படிகளையும் அடிவாரத்தையும் பற்றி மட்டும். இரு தரப்புக்கும் சாட்சியாக, சாமானியர் வாங்கக்கூடிய இரண்டு கேமராக்களை எடுத்துக்கொள்வோம்: 1976 முதல் 1997 வரை தயாரான பென்டாக்ஸ் கே1000 எஸ்.எல்.ஆர்., 1972-இல் வந்த கேனனெட் கியூஎல்17 ஜி3 ரேஞ்ச்ஃபைண்டர். லைக்கா ரேஞ்ச்ஃபைண்டர் வாங்க வசதியுள்ளவருக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

எஸ்.எல்.ஆரில் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம். பட்டனை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்பி, படம் பதிவாகும் அந்தக் கணத்தில் வியூஃபைண்டர் இருண்டுவிடும். ரேஞ்ச்ஃபைண்டரில் தனி ஜன்னல் வழியே பார்ப்பதால் இருட்டு கிடையாது. காவடி தூக்கியவர் கண்ணை மூடினாரா, குறுக்கே ஒரு கை வந்ததா என்பது அப்போதே தெரிந்துவிடும். படத்தின் எல்லையைக் காட்டும் கோட்டுக்கு வெளியே கொஞ்சம் இடமும் தெரிவதால், சட்டத்துக்குள் நுழையப்போகிறவரை ஒரு நொடி முன்னதாகவே பார்க்கலாம். அந்த ஜன்னல் கேமராவின் இடது ஓரத்தில் இருக்கிறது. வலக்கண்ணை அதில் வைத்தால் இடக்கண் திறந்தபடி படியைப் பார்த்துக்கொள்ளும். எஸ்.எல்.ஆர். நடுமுகத்தை மறைத்துவிடும். செங்குத்துப் படியில், நெரிசலில் இது சௌகரியம் மட்டுமல்ல, விழாமல் இருப்பதற்கான வழியும்கூட.

என் வாதத்துக்கு இதைவிடப் பலமான சாட்சி உச்சிவெயில்தான். காவடியின் வளைவு தூக்குபவர் முகத்தின் மேல் நிழலைக் கொட்டுகிறது. பின்னால் வானம் வெளுத்துக் கிடக்கிறது. முகம் தெரிய வேண்டுமானால் பகலிலேயே ஃபிளாஷ் போட்டாக வேண்டும். கே1000-இல் துணித்திரை ஷட்டர். 1/60 நொடிக்கு மேல் ஃபிளாஷோடு ஒத்துப்போகாது. 400 ஐஎஸ்ஓ ஃபிலிம் போட்டு அந்த வேகத்தில் வெயிலைச் சமாளிக்க, எந்தச் சாதாரண லென்ஸிலும் இல்லாத அளவுக்கு அபெர்ச்சரைச் சுருக்க வேண்டியிருக்கும். கேனனெட்டின் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இதழ் இதழாகத் திறக்கும் வகை. 1/500 வரை எந்த வேகத்திலும் ஃபிளாஷ் ஒத்துப்போகும். எஃப்/16, 1/500 என்று வைத்து, ஒரு சின்ன ஃபிளாஷைப் போட்டால் நிழலில் இருக்கும் கண்கள் தெரியும், வானமும் வெளுத்துப்போகாது. நிழல் விழுந்த படிகளில் எஃப்/8 வைத்து, ஃபோகஸை 2 மீட்டரில் நிறுத்திவிட்டால், இந்த 40 மி.மீ. லென்ஸில் ஏறக்குறைய 1.5 முதல் 2.8 மீட்டர் வரை எல்லாம் தெளிவு. வளையத்தைத் திருகவே வேண்டாம், பார்த்தால் அழுத்தலாம்.

ஓசை இன்னொன்று. 1950 ஏப்ரலில் ரமணரின் கடைசி நாட்களில் திருவண்ணாமலை ஆசிரமத்தில் படமெடுத்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெசோன் கையில் வைத்திருந்தது லைக்கா. கண்ணாடி தட்டும் சத்தமில்லாத கருவிக்கு அத்தகைய இடத்தில் மதிப்பு உண்டு. டிசம்பர் 31 இரவு படித்திருவிழாவில், ஒவ்வொரு படியிலும் கற்பூரம் ஏற்றிப் பாடிக்கொண்டே ஏறுபவர்கள் நடுவிலும் அப்படித்தான்.

மறுப்புகளும் லேசானவை அல்ல. எஸ்.எல்.ஆரில் படத்தில் விழப்போவது கண்ணுக்குத் தெரிகிறது. ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் காட்சி பளிச்சென்றே இருக்கும் என்பார்கள். உண்மைதான். ஃபிலிம் விற்கும் விலையில் மூடியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு ஏறுவதுதான் பரிகாரம். ஃபோகஸ் பற்றிய மறுப்பு இன்னும் கூர்மையானது. ரேஞ்ச்ஃபைண்டரில் நடுக்கட்டத்தில் தெரியும் இரண்டு பிம்பங்களை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். காவடியின் மயிற்பீலி மேல் கட்டத்தை வைத்தால், ஒரு பீலிக்கண் பக்கத்துப் பீலிக்கண் மேல் உட்கார்ந்து, சேர்ந்துவிட்டது போல ஏமாற்றும். வெறும் மஞ்சள் துணியில் பிடித்துக்கொள்ள விளிம்பே கிடைக்காது. காவடியின் மரத்தண்டிலோ நெற்றித் திருநீற்றின் ஓரத்திலோ கட்டத்தை வைத்தால் இரண்டு சிக்கலும் தீரும். இரவில் கற்பூரச் சுடரின் ஓரம் போதும்.

விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில் விட்டுக்கொடுக்கிறேன். கேனனெட்டில் 0.8 மீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் வராது. கே1000-இன் 50 மி.மீ. லென்ஸ் 0.45 மீட்டர் வரை போகும். படியில் தடவிய மஞ்சளையும் குங்குமத்தையும் சட்டம் நிறைய எடுக்க ஆசைப்படுபவருக்கு எஸ்.எல்.ஆர்.தான். சரவணப் பொய்கைக் கரையில் நின்று தெப்பத்தில் வரும் உற்சவரை எடுக்கவும் அதுவே, 135 மி.மீ. லென்ஸோடு. கேனனெட்டில் லென்ஸை மாற்றவே முடியாது. ஆனால் திருத்தணியின் உயிர் இருக்கும் இடம் படிகள் என்பதால் என் ஓட்டு ரேஞ்ச்ஃபைண்டருக்கே.

வாங்கும்போது ஒன்றிரண்டு கவனிக்க வேண்டும். கேனனெட்டின் லைட் மீட்டருக்கு உரிய 1.35 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது கடைகளில் இல்லை. மீட்டர் இல்லாமலும் எல்லா ஷட்டர் வேகமும் வேலை செய்யும். அதே காலத்து யாஷிகா எலக்ட்ரோ 35-இல் பேட்டரி போனால் 1/500 மட்டுமே மிஞ்சும், அதனால் அதை நான் சிபாரிசு செய்யவில்லை. பழைய கேமராவின் ரேஞ்ச்ஃபைண்டர் விலகியிருக்கலாம். ஃபோகஸ் வளையத்தை இன்ஃபினிட்டியில் வைத்து, ஊருக்குள்ளிருந்தே மலைக்கோயில் கோபுரத்தைப் பாருங்கள். கோபுரம் ஒன்றாகத் தெரியாமல் இரட்டையாகத் தெரிந்தால், சரிசெய்து தரச் சம்மதிக்கும் மெக்கானிக் கிடைத்த பிறகே காசைக் கொடுங்கள்.