சீ ஹாக் முதல் ரஃபேல்-எம் வரை: கடற்படைத் தாக்குதல் விமானங்களை ஒப்பிடும் முறை குறித்து

விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து புறப்பட்டு, கடலிலோ நிலத்திலோ உள்ள இலக்கைத் தாக்கிவிட்டு, மீண்டும் அதே கப்பலில் இறங்கும் போர் விமானமே கடற்படைத் தாக்குதல் விமானம். இந்தியக் கடற்படை 1960 முதல் மூன்று வகை ஜெட் விமானங்களை இப்பணியில் ஈடுபடுத்தியுள்ளது: சீ ஹாக், சீ ஹாரியர், மிக்-29கே. நான்காவதாக ரஃபேல்-எம் வாங்குவதற்கான ஒப்பந்தம் 2025 ஏப்ரல் 28 அன்று கையெழுத்தானது. 26 விமானங்களுக்கு ஏறத்தாழ 63,000 கோடி ரூபாய் செலவாகும் எனச் செய்திகள் தெரிவித்தன.

இவ்வளவு பெரிய செலவைப் பற்றித் தமிழில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒரு பட்டியலோடு முடிந்துவிடுகிறது. வேகம் எவ்வளவு, எத்தனை டன் குண்டு சுமக்கும், எந்த ஏவுகணை பொருத்தலாம் என இரண்டு விமானங்களை அருகருகே வைத்து, எண் பெரிதாக இருப்பதே சிறந்தது என்ற முடிவுக்கு வருகிறோம். இந்த முறை நிலத்திலிருந்து பறக்கும் விமானத்துக்கே அரைகுறையாகத்தான் பொருந்தும். கப்பலிலிருந்து பறக்கும் விமானத்துக்கு அது தவறான முடிவையே தருகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

பட்டியல் எதை மறைக்கிறது

செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று இருக்கிறது. பயன்பாட்டில் இல்லாவிட்டாலும் அது போட்ட இடத்தில் அப்படியே கிடக்கிறது. விமானந்தாங்கிக் கப்பலின் ஓடுதளம் அப்படிப்பட்டதன்று. அது நகரும், உருளும், அலையில் ஏறி இறங்கும். கொச்சியில் கட்டப்பட்டு 2022 செப்டம்பர் 2 அன்று பணியில் சேர்ந்த புதிய விக்ராந்தின் மொத்த நீளமே 262 மீட்டர்தான். அதில் ஒரு பகுதியை மட்டுமே புறப்பாட்டுக்குப் பயன்படுத்த முடியும்.

ஆகவே ஒரு விமானம் சுமக்கக்கூடிய உச்ச எடை என்பது வேறு; அந்தக் கப்பலிலிருந்து, அன்றைய காற்றில், அன்றைய வெப்பத்தில் அது தூக்கிச் செல்லும் எடை என்பது வேறு. பட்டியலில் இருப்பது முதலாவது. போரில் உதவுவது இரண்டாவது. கடற்படைத் தாக்குதல் விமானத்தைப் பற்றி நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். கப்பலிலிருந்து எவ்வளவு எடையோடு எழும்பும்? எவ்வளவு தொலைவு சென்று திரும்பும்? பத்து விமானங்கள் இருந்தால் எத்தனை பறக்கத் தயாராக இருக்கும்? கடலின் உப்பையும் தளத்தில் மோதி இறங்கும் அதிர்ச்சியையும் எத்தனை ஆண்டுகள் தாங்கும்?

சீ ஹாக்: காலாவதியான விமானத்தின் போர்

சீ ஹாக்கின் முன்மாதிரி 1947-இல் பறந்தது. ஒரே எஞ்சின், ஒரே இருக்கை, நேரான இறக்கை, நான்கு 20 மி.மீ. பீரங்கிகள், குண்டுகள், வழிநடத்தப்படாத ராக்கெட்டுகள். ரேடார் கிடையாது. ஒலியின் வேகத்தை எட்டாது. பிரித்தானியக் கடற்படை 1960-இலேயே அதைத் தன் முன்னணிப் படைப்பிரிவுகளிலிருந்து விலக்கிவிட்டது. அதே ஆண்டு ஜூலையில்தான் இந்தியக் கடற்படையின் 300-ஆம் படைப்பிரிவு சீ ஹாக்குகளோடு தொடங்கப்பட்டது. பழைய விக்ராந்த் 1961 மார்ச் 4 அன்று பெல்ஃபாஸ்ட் நகரில் பணியில் சேர்ந்தது.

1971 டிசம்பரில் போர் மூண்டபோது பட்டியல் முறைப்படி சீ ஹாக் தோற்றிருக்க வேண்டிய விமானம். இந்திய விமானப்படையிடம் மிக்-21 இருந்தது. பாகிஸ்தானிடம் மிராஜ் இருந்தது. போதாக்குறைக்கு விக்ராந்தின் நான்கு கொதிகலன்களில் ஒன்று விரிசல் கண்டு பயன்படாமல் போயிருந்தது. கப்பலால் முழு வேகத்தில் ஓட முடியவில்லை. இருந்தும் டிசம்பர் 4 அன்று சீ ஹாக்குகள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. அடுத்தடுத்த நாள்களில் குல்னா, மோங்லா வட்டாரத் துறைமுகங்களும் கப்பல்களும் இலக்காயின. கிழக்குப் பாகிஸ்தானுக்குக் கடல் வழியாக உதவி வருவதும், அங்கிருந்து படைகள் தப்பிச் செல்வதும் தடைப்பட்டன. விக்ராந்தின் தலைவர் ஸ்வராஜ் பிரகாஷ், 300-ஆம் படைப்பிரிவின் தலைவர் சந்தோஷ் குமார் குப்தா ஆகியோருக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது.

இந்த வெற்றியை மிகைப்படுத்தவும் கூடாது. டாக்காவில் இருந்த பாகிஸ்தானின் ஒரே சேபர் படைப்பிரிவை இந்திய விமானப்படை சில நாள்களிலேயே முடக்கிவிட்டது. அதனால் சீ ஹாக்குகள் தரையிலிருந்து வந்த எதிர்ச்சூட்டை மட்டுமே எதிர்கொண்டன. மேற்குக் கடற்பரப்பில் அதே விமானம் இதே போல் செயல்பட்டிருக்கும் என்று சொல்ல இடமில்லை. ஆனால் கப்பலுக்கு ஏற்ற எடை, எளிய பராமரிப்பு, பத்தாண்டுப் பழக்கமுள்ள விமானிகள், சரியாகத் தேர்ந்த போர்முனை ஆகியவை சேர்ந்தால் காலாவதியான விமானமும் பயன் தரும் என்பதை அது காட்டியது.

காற்றில்லாத ஒரு காலை

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1982-இல் ஃபாக்லாந்துத் தீவுகளுக்காக நடந்த போரில் அர்ஜென்டினாவின் வெயின்டிசின்கோ டி மாயோ என்ற விமானந்தாங்கிக் கப்பல் பிரித்தானியப் படையைத் தாக்கத் தயாரானது. விக்ராந்தைப் போலவே அதுவும் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியா வடிவமைத்த இலகுரகக் கப்பல். அதன் தளத்தில் ஸ்கைஹாக் தாக்குதல் விமானங்கள் குண்டுகளோடு காத்திருந்தன. பட்டியலில் ஸ்கைஹாக் சீ ஹாக்கைவிட எல்லா வகையிலும் மேலானது. ஆனால் மே 2 அன்று அந்தக் கடலில் காற்று வீசவில்லை. கப்பலின் வேகமும் கவணின் விசையும் சேர்ந்தும் குண்டு சுமந்த விமானத்தை எழுப்பப் போதவில்லை. தாக்குதல் கைவிடப்பட்டது.

அன்றே ஜெனரல் பெல்கிரானோ என்ற அர்ஜென்டினக் கப்பல் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட, விமானந்தாங்கிக் கப்பல் கரைக்குத் திரும்பியது. பிறகு அதே ஸ்கைஹாக்குகள் நிலத் தளத்திலிருந்து பறந்து, ஆர்டென்ட் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலை மூழ்கடித்த தாக்குதலில் பங்கேற்றன. விமானம் மாறவில்லை, விமானியும் மாறவில்லை. மாறியது தளம் மட்டுமே.

சீ ஹாரியர்: கவண் தேவையில்லை, ஆனால்

அதே போரில் பெயர் பெற்ற சீ ஹாரியர் 1983 இறுதியில் இந்தியாவுக்கு வந்தது. அந்தப் போரில் பிரித்தானியாவின் முதன்மைக் கப்பலாக இருந்த ஹெர்மிஸ், 1987 மே மாதம் விராட் என்ற பெயரில் நம் கடற்படையில் சேர்ந்தது. சீ ஹாரியர் மேல்நோக்கி வளைந்த முன்தளத்திலிருந்து எழும்பி, செங்குத்தாக இறங்கும். நீராவிக் கவணோ தடுப்புக் கம்பியோ வேண்டாம். காற்று வீசாத நாளிலும் பறக்கலாம். பிற்காலத்தில் புதிய ரேடாரும், கண்ணுக்கு எட்டாத தொலைவில் உள்ள விமானத்தைத் தாக்கும் டெர்பி ஏவுகணையும் அதில் பொருத்தப்பட்டன.

இந்த வசதிக்கு விலை உண்டு. செங்குத்தாக இறங்கும்போது விமானத்தின் முழு எடையையும் எஞ்சின் ஒன்றே தாங்க வேண்டும். சூடான காற்றில் எஞ்சினின் விசை குறையும். வட அட்லாண்டிக்கில் சுமையோடு இறங்க முடிந்த விமானம், அரபிக்கடலின் வெயிலில் எரிபொருளையோ பயன்படுத்தாத ஆயுதத்தையோ குறைத்துக்கொண்டு இறங்க வேண்டிவரும். தாக்குதலுக்குச் சென்று திரும்பும் தொலைவும் குறைவு. இந்தியா வாங்கிய ஏறத்தாழ 30 விமானங்களில் பாதியளவு விபத்துகளில் அழிந்தன. 2016 மே மாதம் கோவாவில் அது விடைபெற்றபோது நினைவுகூரப்பட்ட பெருமை உண்மையானது. இந்தக் கணக்கும் உண்மையானதே.

மிக்-29கே: புதியது எப்போது புதியது?

மிக்-29கே சீ ஹாரியரைவிட வேகமானது, இரண்டு எஞ்சின் கொண்டது, கப்பல் எதிர்ப்பு ஏவுகணைகளைச் சுமப்பது. 2004-இல் 16, 2010-இல் 29 என மொத்தம் 45 விமானங்களுக்கு இந்தியா ஒப்பந்தம் செய்தது. பட்டியலில் இது ஒரு பெரும் பாய்ச்சல்.

2016-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை வேறொரு பட்டியலைத் தந்தது. ஒற்றை இருக்கை மிக்-29கே விமானங்களில் பறக்கத் தகுதியான நிலையில் இருந்தவை 15.93 முதல் 37.63 விழுக்காடு மட்டுமே. எஞ்சின்களிலும் குறைபாடுகள் பதிவாயின. தளத்தில் இறங்கும் அதிர்ச்சி விமான உடலில் பழுதுகளை உண்டாக்கியதும் சுட்டிக்காட்டப்பட்டது. நூறு விமானங்கள் இருந்தால் மோசமான காலத்தில் பதினாறு, நல்ல காலத்தில் முப்பத்தெட்டு பறக்கும் என்பதே இதன் பொருள். அந்த அறிக்கையை இன்றைய நிலையாகக் கொள்ள முடியாது. ஆனால் 2019 நவம்பருக்கும் 2022 அக்டோபருக்கும் இடையில் மட்டும் நான்கு மிக்-29கே விமானங்கள் விபத்தில் இழக்கப்பட்டன. 2020 நவம்பர் விபத்தில் ஒரு விமானி உயிரிழந்தார். இது எண்களின் ஒப்பீடு மட்டுமன்று.

சீ ஹாக்கே மேல் என்று இதை வைத்துச் சொல்வது நேர்மாறான தவறாகும். இன்றைய போர்க்கப்பலின் வான் பாதுகாப்பை ராக்கெட்டோடு நெருங்கும் விமானம் திரும்பி வராது. புதிய ஆயுதம் தேவைதான். தேவைப்படும் நாளில் அது பறக்கும் நிலையில் இருந்தால்தான் அது ஆயுதம்.

உப்பும் அதிர்ச்சியும்

கப்பலில் இறங்கும் விமானம் ஓடுதளத்தில் வழுக்கிக்கொண்டு இறங்குவதில்லை, ஏறக்குறைய விழுகிறது. மணிக்குச் சுமார் 240 கி.மீ. வேகத்தில் வந்து, வால் கொக்கி தடுப்புக் கம்பியைப் பற்ற, ஏறத்தாழ 90 மீட்டருக்குள் நிற்கிறது. சக்கரக் கால்கள், உடற்கூடு, உள்ளிருக்கும் மின்னணுக் கருவிகள் அனைத்தும் ஒவ்வொரு முறையும் இந்த அடியை வாங்குகின்றன.

அடுத்தது அரிப்பு. உப்பு நீர் மின்கடத்தி. அலுமினியத் தகட்டில் வேறு உலோக ஆணி இருக்கும் இடத்தில் உப்பு ஈரம் தங்கினால் அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகி, அலுமினியம் கரையத் தொடங்கும். இது மின்வேதியியல். இந்தத் துறைக்கான நாட்டின் மைய ஆய்வகம் கடற்கரையில் அல்ல, காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளிக்க, 1953 ஜனவரி 14 அன்று திறக்கப்பட்ட சிக்ரி அது. கடல் அரிப்பை நேரடியாகச் சோதிக்க மண்டபத்தில் அதற்கு ஒரு நிலையம் உண்டு. போர் விமானத்தின் ஆயுளைத் தீர்மானிக்கும் அறிவு எஞ்சின் தொழிற்சாலையில் மட்டும் இல்லை என்பதைச் சிவகங்கை மாவட்ட மாணவர்கள் தங்கள் ஊரிலேயே கண்டுகொள்ளலாம்.

தொலைவை இழந்த அமெரிக்கா

பழையதை நீக்கிப் புதியதைக் கொண்டுவரும்போது எதை இழக்கிறோம் என்று கேட்காமல் விடுவது பணக்கார நாட்டிலும் நடக்கும். அமெரிக்கக் கடற்படையின் ஏ-6 இன்ட்ரூடர் ஒலியின் வேகத்தைத் தாண்டாத, தோற்றத்தில் பருமனான விமானம். ஆனால் இரவிலும் மழையிலும் 8 டன் வரை குண்டு சுமக்க வல்லது, நெடுந்தொலைவு செல்லும். அதற்கு மாற்றாகத் திட்டமிட்ட ஏ-12 விமானம் 1991-இல் கைவிடப்பட்டது. இன்ட்ரூடர் 1997-இல் ஓய்வு பெற்றது. அதன் பணியை ஏற்ற ஹார்னெட், சூப்பர் ஹார்னெட் வகைகள் வேகமானவை, வானில் சண்டையிடவும் வல்லவை. ஆனால் அவ்வளவு தொலைவு செல்லாதவை. வானில் எரிபொருள் நிரப்பும் பணிக்கே சில சூப்பர் ஹார்னெட்டுகளை ஒதுக்க வேண்டிவந்தது. அந்தச் சுமையைக் குறைக்கவே எம்.கியூ-25 என்ற ஆளில்லா எரிபொருள் விமானம் உருவாக்கப்படுகிறது.

ரஃபேல்-எம்மிடம் கேட்க வேண்டியவை

ரஃபேல்-எம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பிரெஞ்சுக் கடற்படையில் பணியாற்றிவரும், போரில் சோதிக்கப்பட்ட விமானம். 9.5 டன் வரை வெளிச்சுமை ஏற்றலாம் என்பது அதன் பட்டியல் எண். அந்த எண் நிலத் தளத்துக்கும், சார்லஸ் டி கோல் கப்பலின் 75 மீட்டர் நீராவிக் கவணுக்கும் அருகில் நிற்கும் எண். நம் விக்ராந்திலும் விக்ரமாதித்யாவிலும் கவண் இல்லை. வளைந்த முன்தளத்தில் தன் எஞ்சினின் விசையால் மட்டுமே எழும்ப வேண்டும். 2022 ஜனவரியில் கோவாவின் கரையோரச் சோதனைத் தளத்தில் ரஃபேல்-எம் அவ்வாறு எழும்பிக் காட்டியது. எனவே எழும்புமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. எவ்வளவு சுமையோடு என்பதே எஞ்சியுள்ள கேள்வி.

மேலும் அதன் இறக்கை மடங்காது. கப்பலில் இடம் என்பது எண்ணிக்கை. மடங்காத இறக்கை நிறுத்தும் இடத்தையும் மின்தூக்கியின் பயன்பாட்டையும் நெருக்கும். மறுபுறம், விமானப்படை ஏற்கெனவே 36 ரஃபேல்களை வாங்கியுள்ளது. உதிரிப் பாகங்கள், பயிற்சி, பராமரிப்பு அறிவு ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்ள முடியும். மிக்-29கே அனுபவத்துக்குப் பிறகு இந்த ஒரு காரணம், பட்டியலில் உள்ள பல எண்களைவிடக் கனமானது.

மதிப்பீடு

பழையதா புதியதா என்ற கேள்வியே சரியாகக் கேட்கப்படவில்லை. விமானத்தைத் தனியாக எடைபோட முடியாது. விமானமும் கப்பலும் சேர்ந்ததே ஆயுதம். 1971-இல் சீ ஹாக்கும் விக்ராந்தும் ஒன்றுக்கொன்று பொருந்தின. 1982-இல் ஸ்கைஹாக்கும் அதன் கப்பலும் ஒரு நாள் பொருந்தாமல் போயின. மிக்-29கே தளத்துக்குப் பொருந்தியும் பராமரிப்பில் தடுமாறியது. ரஃபேல்-எம் வந்தபின் அதை அளக்க ஓர் எளிய வழி உண்டு: எத்தனை வாங்கினோம் என்பதை விட்டு, விக்ராந்தின் தளத்திலிருந்து ஒரு நாளில் எத்தனை முறை, எவ்வளவு சுமையோடு, எவ்வளவு தொலைவு சென்று பாதுகாப்பாகத் திரும்பின என்று கேட்பது. இந்த விவரங்களில் பல படைத்துறை இரகசியமாகவே இருக்கும். ஆனால் தணிக்கை அறிக்கைகள் பொதுவில் வருகின்றன. மாணவர்கள் விற்பனைச் சிற்றேட்டின் எண்களுக்கு முன்னால் அவற்றைப் படிக்க வேண்டும்.