குடும்பம் என்கிற கையொப்பம்

‘குடும்ப உணவகம்’ என்ற சொற்சேர்க்கையில் வேலை செய்வது உணவகம் அல்ல, குடும்பம். பிரான்சின் மலைப்பகுதிகளில் தலைமுறைகளாக ஒரே குடும்பம் நடத்திவரும் உயர்தர விடுதிகளைப் பற்றி எழுதுபவர்கள் இந்தச் சொல்லைத் தொட்டுப் பார்ப்பதே இல்லை. தாய், மகன், மருமகள், பேரன், அடுப்பில் அன்பு. நல்லது. ஆனால் இந்தப் பிரதியில் யாருடைய உழைப்பு கையொப்பமாகிறது, யாருடையது அழிகிறது?

லயோல் ஊரின் ப்ரா குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். நடுத்தெற்கு பிரான்சில் ஓப்ராக் என்ற மேட்டுநிலம். புல், மாடு, பனி, பாற்கட்டி. ஊருக்குள் பெற்றோர் நடத்திய சிறு விடுதியில் தாயிடமிருந்து சமையலைப் பெற்றுக்கொண்டவர் மிஷேல் ப்ரா. 1992இல் குடும்பம் ஊருக்கு வெளியே, ஏறத்தாழ 1200 மீட்டர் உயரத்தில், கண்ணாடியும் கல்லுமான கட்டடத்துக்கு ஏறியது. 1999இல் மிஷ்லன் வழிகாட்டியின் மூன்றாவது நட்சத்திரம் கிடைத்தது.

அவருடைய பெயர்பெற்ற உணவு கார்குய்யூ. அந்தப் பக்கத்து ஏழைகளின் பழைய கார்குய்யூ என்பது உருளைக்கிழங்கும் ஒரு துண்டு உப்பிட்ட பன்றியிறைச்சியும் போட்டு அவித்தது, அவ்வளவுதான். 1980ஐ ஒட்டி ப்ரா பெயரை வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மாற்றினார். பத்துக்கணக்கான காய், கீரை, பூ, விதை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பக்குவம். மேட்டுநிலமே ஒரு தட்டில் எழுதப்பட்ட மாதிரி. நானும் சாப்பிட்டேன். குறை சொல்ல வரவில்லை. வாயில் ஒவ்வொரு இலையும் வேறு வேறாய்ப் பேசியது. அதே நேரம், பாரிஸில் ஆறு வருடம் கோப்பை கழுவின எனக்கு வேறொரு கணக்கும் ஓடியது: இத்தனை வகையையும் ஆர் கழுவினது, ஆர் நுள்ளித் துப்புரவாக்கினது?

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். ரோலண்ட் பார்த்தின் ‘ஆசிரியனின் மரணம்’ பிரெஞ்சில் வெளிவந்தது 1968இல். 1973இல் கோ, மியோ என்ற இரு விமர்சகர்கள் ‘புதிய சமையல்’ பிரகடனத்தை வெளியிட்டார்கள். இலக்கியத்தில் ஆசிரியனை அடக்கம் செய்துகொண்டிருந்த அதே காலத்தில் சமையற்கட்டில் ஆசிரியனுக்கு முடிசூட்டினார்கள். செய்முறைக்குக் கீழே பெயர் வந்தது. கார்குய்யூவுக்கு மகனின் கையொப்பம் உண்டு. தாய் கிண்டின அலிகோவுக்கு (உருளைக்கிழங்கு மசியலில் புதுப் பாற்கட்டி சேர்த்து இழுக்க இழுக்க நூலாய் வருவது) கையொப்பம் இல்லை, அது ‘மரபு’. ஆண் செய்தால் படைப்பு, பெண் செய்தால் மரபு எண்டு வாய்விட்டு ஒருவரும் சொல்வதில்லை. சொல்லத் தேவையுமில்லை.

பெண்ணுக்குப் பெயர் கிடைத்த இடத்தில் என்ன நடந்தது? 1895இல் பிறந்த யூஜெனி ப்ரஸியே சிறுவயதிலேயே பண்ணை வேலைக்குப் போனவர். மணமாகாமல் கருவுற்றார் என்று தகப்பன் வீட்டைவிட்டுத் துரத்தினார். 1921இல் லியோனில் உணவகம் திறந்தார். பிறகு நகருக்கு மேற்கே லூயேர் கணவாயில் இன்னொன்று. 1933இல் இரண்டுக்கும் மும்மூன்று நட்சத்திரம். குடும்பத்திலிருந்து வெளியேற்றப்பட்ட அந்தப் பெண்ணை நாடு அழைத்த பெயர் ‘ப்ரஸியே அம்மா’. குடும்பம் என்ற சொல் இப்படியும் பழிவாங்கும்.

லயோலில் சாப்பாடு முழுக்க ஒரே கத்திதான். உயர்தர மேசைகளில் கோப்பைக்குக் கோப்பை கத்தி மாறும்; இங்கே மாட்டுக்காரன் தன் மடக்குக்கத்தியைத் துடைத்துத் துடைத்துப் பாவித்த வழக்கத்தின் நினைவாக மாற்றுவதில்லை. கோடை மேய்ச்சலில், மலைமேல் கற்குடிசைகளில், மே கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை பாற்கட்டி செய்த ஆண்களின் கத்தி அது. அந்தக் குடிசைத் தொழில் அழிந்தது. கத்தி மட்டும் குறியீடாகி மேசைக்கு வந்தது. கூட வந்த நண்பன், அவனும் நம்மைப்போலக் குசினிக்காரன், காதோடு சொன்னான்: “மச்சான், உள்ளுக்குக் கழுவிறவனுக்கு ஒரு கத்தியாவது மிச்சம்.” அந்த மேசையைப் பற்றி நான் கேட்ட மிகச் சரியான விமர்சனம் அதுதான்.

இனி நட்சத்திரம். டயர் கொம்பனி ஒன்று 1900இல் கார்க்காரருக்கு இலவசமாய்க் கொடுத்த கையேடுதான் இந்த வழிகாட்டி. மூன்று நட்சத்திரத்துக்கு அது தரும் பொருள், அந்தச் சாப்பாட்டுக்காகவே ஒரு பயணம் போகலாம் என்பது. மலை உச்சி விடுதிக்கு நட்சத்திரம் கிடைத்தால் டயர் தேயும்.

2017 செப்டம்பரில் மகன் செபஸ்தியான் ப்ரா, தன்னை வழிகாட்டியிலிருந்து எடுத்துவிடும்படி கேட்டார். ஒவ்வொரு தட்டும் சோதிக்கப்படலாம் என்ற அழுத்தம் இல்லாமல் சமைக்க வேண்டும் என்றார். பலர் இதைக் கலகமாக வாசித்தார்கள். எனக்கும் அவர்மேல் மரியாதை உண்டு. ஆனால் திருப்பிக் கொடுக்க ஏதாவது கைவசம் இருப்பவனால்தான் இப்படித் துறக்க முடியும். விசாப் பத்திரம் புதுப்பிக்க முதலாளியின் கடிதத்துக்குக் காத்து நிற்கிற நம்மட பொடியன் எதைத் திருப்பிக் கொடுப்பான், ஏப்ரனையா?

2018 பதிப்பில் பெயரை எடுத்தார்கள். 2019 பதிப்பில் அவர் கேட்காமலே பெயர் திரும்ப வந்தது, இரண்டு நட்சத்திரத்துடன்.