சுற்றும் புதிரும்: அபிமன்யு புகுந்த வியூகத்தை எப்படிப் படிப்பது

ஆங்கிலத்தில் லேபிரிந்த், மேஸ் என்று இரண்டு சொற்கள் உண்டு. பேச்சில் அவர்களே இவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவார்கள். ஆனால் வடிவங்களை ஆராய்பவர்கள் இரண்டையும் பிரித்தே பேசுகிறார்கள். தமிழில் புதிர்வழி, புதிர்நிலை, புதிர்ப்பாதை, சிக்கல்வழி எனப் பல சொற்கள் வழங்கினாலும், அவை எல்லாமே இரண்டு வடிவங்களுக்கும் பொதுவாகவே ஆளப்படுகின்றன. இது வெறும் சொல் தகராறு என்று தோன்றலாம். ஆனால் இந்தக் குழப்பத்தால் நாம் ஒரு சிற்பத்தையும் அதனோடு சேர்ந்த ஒரு கதையையும் தவறாகப் படித்து வருகிறோம் என்பதே இக்கட்டுரையின் கருத்து. அந்தக் கதை அபிமன்யுவின் கதை.

இரு வேறு வடிவங்கள்

முதல் வகையை இங்கே 'ஒருவழிச் சுற்று' என்று அழைப்போம். இதில் நுழைவாயில் ஒன்று, பாதையும் ஒன்றுதான். அது வளைந்து வளைந்து சென்று நடுவில் முடியும். கிளைப்பாதை கிடையாது; முட்டுச்சந்து கிடையாது. நடப்பவர் எந்த இடத்திலும் 'இடமா, வலமா?' என்று யோசிக்க வேண்டியதில்லை. திரும்ப வேண்டுமானால் வந்த வழியே நடந்தால் போதும்.

இரண்டாம் வகையைக் 'கிளைவழிப் புதிர்' எனலாம். இதில் பாதை பிரிந்துகொண்டே போகும். சில கிளைகள் முட்டுச்சந்தில் முடியும். சில சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விடும். சிறுவர் இதழ்களில் 'முயலுக்கு வழி காட்டுங்கள்' என்று வரும் படங்கள் இந்த வகை.

முதல் வகையில் வழி தவறவே முடியாது. இரண்டாம் வகையின் நோக்கமே வழி தவறச் செய்வதுதான். ஒன்றுக்கொன்று நேர் எதிரான இந்த இரண்டையும் 'புதிர்' என்னும் ஒரே சொல்லில் அடைப்பது பொருந்தாது.

வரைந்து பார்க்கலாம்

ஒருவழிச் சுற்றில் மிகப் பழமையானதும் உலகெங்கும் பரவியதும் ஏழு சுற்று வடிவம். மாணவர்கள் இதைத் தாளில் எளிதாக வரையலாம். முதலில் ஒரு கூட்டல் குறி போடவும். அதன் நான்கு மூலைகளிலும், முனை நடுவை நோக்கி இருக்கும்படி, ஒவ்வொரு செங்கோணக் கோடு போடவும். ஒவ்வொரு செங்கோணத்துக்குள்ளும் ஒரு புள்ளி வைக்கவும். இப்போது கூட்டல் குறியின் மேல்முனையை வலப்பக்கத்து அடுத்த கோட்டு முனையோடு ஒரு வளைவால் இணைக்கவும். பிறகு இடப்பக்கம் ஒரு முனை, வலப்பக்கம் ஒரு முனை என வரிசையாக எடுத்து, முந்தைய வளைவுக்கு மேலாக அடுத்தடுத்த வளைவுகளை இடவும். எட்டு வளைவுகளில் படம் முடிந்துவிடும்.

இப்போது பென்சில் முனையால் அந்தப் பாதையில் நடந்து பாருங்கள். வெளிச்சுற்றை ஒன்று என எண்ணினால், நுழைந்ததும் நீங்கள் போவது மூன்றாம் சுற்றுக்கு. பிறகு இரண்டு, ஒன்று என வெளியே தள்ளப்படுவீர்கள். அங்கிருந்து நான்கு. அடுத்து நடுவை ஒட்டியிருக்கும் ஏழு. வந்துவிட்டோம் என்று நினைக்கும்போது பாதை ஆறுக்கும் ஐந்துக்கும் விலகிப் போகும். அந்த ஐந்தாம் சுற்றிலிருந்துதான் நடுவை அடைவீர்கள். பாதை ஒன்றே என்றாலும், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது நடப்பவருக்குத் தெரியாது. நடப்பவருக்கு இந்த வடிவம் தரும் அனுபவம் அதுதான்.

கிரேக்கக் கதையில் உள்ள முரண்

கிரீட் தீவின் கதை பலருக்கும் தெரிந்தது. மைனாஸ் அரசனுக்காக டெடலஸ் என்னும் சிற்பி ஒரு கட்டடம் அமைத்தான். அதற்குள் காளைத்தலை கொண்ட மினோட்டார் அடைக்கப்பட்டிருந்தது. தீசியஸ் உள்ளே சென்று அதைக் கொன்றான். அரசகுமாரி அரியாட்னி கொடுத்த நூலைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தான்.

நூல் தேவைப்பட்டது என்றால் அந்தக் கட்டடம் கிளைவழிப் புதிராகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் கிரீட்டின் நாசஸ் நகரம் வெளியிட்ட நாணயங்களில் இருப்பது ஏழு சுற்று ஒருவழி வடிவம். அதில் நடக்க நூல் தேவையே இல்லை. கிரேக்க நாட்டின் பைலோஸில் கிடைத்த, கி.மு. 1200 அளவிலான களிமண் பலகை ஒன்றின் பின்புறத்திலும் இதே வடிவம் கீறப்பட்டுள்ளது. அதன் முன்புறத்தில் இருப்பது ஆடுகள் பற்றிய கணக்கு. ரோமானியர் காலத்துத் தரைச் சித்திரங்களில் நடுவே மினோட்டாரைப் போட்டுச் சுற்றிலும் வரைந்ததும் ஒருவழிப் பாதையைத்தான்.

ஆக, கதை ஒரு வடிவத்தைச் சொல்ல, படம் வேறொரு வடிவத்தைக் காட்டுகிறது. எழுத்தில் லேபிரிந்த் என்றால் குழப்பும் கட்டடம். எகிப்தில் ஆயிரக்கணக்கான அறைகள் கொண்ட ஒரு கட்டடத்தை ஹெரோடோட்டஸ் அந்தப் பெயரால் குறித்தார். படத்தில் அதே பெயர் ஒருவழிச் சுற்றுக்கு நின்றது. 1982இல் ஜெர்மன் மொழியில் வெளியான தம் பெரிய ஆய்வு நூலில் ஹெர்மன் கெர்ன், இந்த வடிவம் கட்டடத்தின் வரைபடமாகத் தோன்றாமல், நடனத்தின் அடிவைப்பு வழியாகத் தோன்றியிருக்கலாம் என்று கருதினார். ஹோமரின் இலியட்டில் டெடலஸ் அரியாட்னிக்காக அமைத்ததாகச் சொல்லப்படுவது ஒரு நடனக்களம் என்பதும் இங்கே எண்ணத்தக்கது.

தேவாலயத் தரையும் தோட்ட வேலியும்

பிரான்சின் சார்த்ர் பேராலயத் தரையில் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிக்கப்பட்ட பதினொரு சுற்று வடிவமும் ஒருவழிதான். அதன் விட்டம் ஏறத்தாழ 13 மீட்டர். அதற்குள் மடிந்து கிடக்கும் பாதையின் நீளமோ 260 மீட்டர் அளவு. கிளைவழிப் படங்கள் ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டு முதல்தான் தெளிவாகத் தென்படத் தொடங்குகின்றன. பிறகு அவை அரண்மனைத் தோட்டங்களில் உயரமான செடிவேலிகளாக வளர்ந்தன.

இலண்டனுக்கு அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடப்பட்ட வேலிப்புதிர் இன்றும் உள்ளது. ஜெரோம் கே. ஜெரோம் 1889இல் எழுதிய 'படகில் மூவர்' நாவலில், அதில் வழிகாட்டப் போய்த் தானே மாட்டிக்கொள்பவரின் நகைச்சுவைக் காட்சி புகழ்பெற்றது. உண்மையில் அதில் ஒரு கையை வேலியிலிருந்து எடுக்காமல் நடந்தால் நடுவையும் அடையலாம், வெளியேயும் வரலாம். எல்லாப் புதிருக்கும் இந்த உத்தி செல்லாது. எந்தப் புதிருக்கும் பொருந்தும் ஒரு முறையை டிரெமோ என்னும் பிரெஞ்சுக்காரர் கண்டார். சென்ற பாதைகளில் குறியிட்டுக்கொண்டு, எந்தப் பாதையிலும் இருமுறைக்கு மேல் போகாமல் நடப்பது அந்த முறை. எடுவார் லூக்கா தம் கணித விளையாட்டு நூலில் 1882இல் அதை வெளியிட்டார்.

புதிர் என்ற சொல் இந்தத் தோட்டங்களுக்குச் சரியாகப் பொருந்தும். இங்கே கேள்வி இருக்கிறது, விடையும் இருக்கிறது, விடையை அறிந்தவர் பிழைத்துக்கொள்கிறார். சார்த்ர் தரையில் கேள்வியே இல்லை. அங்கே நடப்பது மட்டும்தான் உண்டு.

நம் ஊர்க் கோட்டைகள்

தமிழ்நாட்டிலும் ஏழு சுற்று வடிவங்கள் உள்ளன. பொள்ளாச்சிக்கு அருகே கெடிமேட்டிலும், தர்மபுரி மாவட்டம் கம்பைநல்லூர்ப் பகுதியிலும் தரையில் கற்களை அடுக்கி அமைத்தவை கண்டறியப்பட்டுள்ளன. நாளிதழ்கள் இவற்றைப் புதிர்நிலை என்று எழுதுகின்றன. ஆனால் கம்பைநல்லூர்ப் பகுதி மக்கள் சொல்லும் பெயர் 'ஏழு சுத்துக் கோட்டை'.

படித்தவர் வைத்த பெயரைவிட ஊரார் வைத்த பெயரே சரியானது. அதில் எண்ணிக்கை இருக்கிறது, சுற்று இருக்கிறது, கோட்டை இருக்கிறது, புதிர் இல்லை. கோட்டை என்ற எண்ணமும் தனித்த ஒன்றன்று. ஏறத்தாழ 1030இல் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி, இராவணனின் இலங்கைக் கோட்டை என்று இத்தகைய வடிவம் ஒன்றை வரைந்து காட்டியிருக்கிறார். கோட்டை என்றால் நடுவில் காக்கப்படும் ஒன்று உண்டு. அதை அடையப் பல சுற்றுகளைக் கடக்க வேண்டும். வழி தெரியாமை அங்கே தடையாக இருப்பதில்லை. காவல்தான் தடை.

ஹளேபீடுச் சிற்பம் சொல்வது

இப்போது அபிமன்யுவுக்கு வருவோம். கர்நாடகத்தின் ஹளேபீடில் உள்ள 12ஆம் நூற்றாண்டு ஹொய்சளேசுவரர் கோயிலின் சிற்ப வரிசையில், அபிமன்யு சக்கரவியூகத்துள் புகும் காட்சி உள்ளது. அங்கே வியூகம் வட்டம் வட்டமாகச் சுற்றி நடுவை நோக்கிச் செல்லும் கோடுகளாகக் காட்டப்பட்டிருக்கிறது. வடமொழிப் பாரதத்தின் துரோண பருவத்தில் சக்கரவியூகம் படை அணிவகுப்பாகவே வருகிறது. இப்படி ஒரு பாதை அங்கே வருணிக்கப்படவில்லை. எனவே ஒருவழிச் சுற்றைத் தேர்ந்துகொண்டது சிற்பியின் மரபு. அந்தத் தேர்வு பொருள் உள்ளது என்றே நான் கருதுகிறேன்.

பள்ளிகளில் இக்கதையை ஒரு நீதியோடு சொல்வது வழக்கம். தாயின் வயிற்றில் இருந்தபோது அபிமன்யு உள்ளே நுழையும் வித்தையைக் கேட்டான், தாய் உறங்கிவிட்டதால் வெளியேறும் வித்தையைக் கேட்கவில்லை, ஆகவே மாண்டான், அரைகுறைக் கல்வி ஆபத்து. இப்படிச் சொல்லும்போது சக்கரவியூகம் ஒரு கிளைவழிப் புதிராகிவிடுகிறது. வழி தெரியாத பையன் உள்ளே மாட்டிக்கொண்டான் என்றே மாணவர் மனத்தில் படம் விழுகிறது.

துரோண பருவத்தில் நடப்பது வேறு. அங்கே கருவில் கேட்ட செய்தி இல்லை. வியூகத்தை உடைக்கத் தந்தை கற்றுத் தந்தார் என்றே அபிமன்யு சொல்கிறான். ஆபத்து வந்தால் வெளியே வர எனக்குத் தெரியாது என்பதையும் புறப்படும் முன்பே பெரியவர்களிடம் சொல்லிவிடுகிறான். நீ வாயிலைத் திற, நாங்கள் பின்னாலேயே வருகிறோம் என்று உறுதி கூறுபவர்கள் தருமனும் வீமனும். அபிமன்யு திறந்துவிட்டான். பின்தொடர வந்தவர்களைச் சிவனிடம் பெற்ற வரத்தால் ஜயத்ரதன் தடுத்துவிட்டான். உள்ளே துரோணர், கிருபர், கர்ணன், அசுவத்தாமன் உள்ளிட்ட பலர் சேர்ந்து ஒருவனைத் தாக்கினர். வில்லும் தேரும் இழந்த நிலையில், துச்சாதனன் மகனின் கதை அடியில் அவன் வீழ்ந்தான்.

இதில் வழி தவறிய இடம் எங்கே இருக்கிறது? தன் அறிவின் எல்லையை அறிந்து அதைச் சொல்லியும்விட்டவனை அரைகுறைக் கல்விக்கு உதாரணமாக்குவது நியாயமா? தவறியவை இரண்டு: பெரியவர்கள் கொடுத்த வாக்கு, பலர் சேர்ந்து ஒருவனைத் தாக்கக் கூடாது என்ற போர்முறை. அவன் சாவுக்கு அவனையே காரணமாக்கும் நீதி, இந்த இரண்டையும் மறைத்துவிடுகிறது.

ஹளேபீடுச் சிற்பம் இந்த வாசிப்புக்குத் துணை நிற்கிறது. ஒருவழிச் சுற்றில் திரும்பும் வழி, வந்த வழியேதான். அதை மறக்க இயலாது. திரும்ப முடியவில்லை என்றால், அந்த வழியில் ஆட்கள் நிற்கிறார்கள் என்றுதான் பொருள்.

ஒரு மறுப்பும் விடையும்

சிற்பி இவ்வளவு யோசித்திருப்பாரா, வழக்கில் இருந்த ஒரு கோலத்தை எடுத்துப் போட்டிருப்பார், அவ்வளவுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நாசஸ் நாணயத்திலும் கதைக்குப் பொருந்தாத வடிவம்தானே நிற்கிறது? ஆனால் அங்கே கதைக்கு நூல் தேவை, வடிவத்துக்குத் தேவையில்லை. ஆகவே இரண்டும் முரண்படுகின்றன. இங்கே பாரதக் கதைக்கும் ஒருவழிச் சுற்றுக்கும் முரண் இல்லை. முரண்படுவது நாம் பின்னால் சேர்த்த நீதிதான். சிற்பி எண்ணினாரோ இல்லையோ, படமும் மூலக்கதையும் ஒன்றையே சொல்கின்றன.

கலைச்சொல்லைப் பொறுத்தவரை என் பரிந்துரை எளியது. கிளை உள்ளதற்குப் 'புதிர்வழி' இருக்கட்டும். கிளை இல்லாததற்கு ஊரார் தந்த 'சுற்றுக்கோட்டை' என்ற பெயரையே எடுத்துக்கொள்ளலாம். சக்கரவியூகத்தைப் பாடமாக நடத்தும் ஆசிரியர்கள், 'அபிமன்யுவுக்கு என்ன தெரியாது?' என்ற கேள்வியோடு 'அவன் பின்னால் வருவதாகச் சொன்னவர்கள் யார்?' என்ற கேள்வியையும் மாணவர்களிடம் கேட்கலாம். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு விடை உடனே தெரியும்.